இருபது தோட்டா

சரித்திர நாவல்களிலும் சினிமாப் படங்களிலும் வருகிற துப்பாக்கிக்கு ஓர் அதிசய சக்தி உண்டு. அதில் மருந்து தீர்வதே கிடையாது. கதாநாயகன் குதிரை மேல் போய்க்கொண்டே சுடுகிறான். மதில் மேல் ஏறிக்கொண்டே சுடுகிறான். காதலியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையாலும் சுடுகிறான். குண்டு எங்கிருந்து வந்தது, அதை யார் வார்த்தார்கள், யார் சுமந்து வந்தார்கள் என்று வாசகர் கேட்பதில்லை, ஆசிரியரும் சொல்வதில்லை. வீரன் சாப்பிட்ட விருந்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். அவன் சுட்ட குண்டைப் பற்றி ஒரு வரி இராது.

நம் சோழநாட்டுக் கடற்கரையிலேயே குண்டும் மருந்தும் தீர்ந்து போனதால் ஒரு பெரிய சேனை திரும்பி ஓடிய கதை இருக்கிறது. 1758-ம் வருஷம். புறப்பட்ட இடமும் காரைக்கால். திரும்பி வந்து சேர்ந்த இடமும் காரைக்கால். வெற்றி தோல்விக்குக் காரணம் சொல்லும்போது ராஜதந்திரம், வீரம், துரோகம் என்று சரித்திர ஆசிரியர்கள் அடுக்குவார்கள். எனக்கு என்னவோ அந்தக் கதையில் ஈயத்தையும் வெடிமருந்தையும் எடைபோட்டுப் பார்ப்பதுதான் நியாயம் என்று தோன்றுகிறது.

முதலில் ஈயம். நம் வீடுகளில் ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்கள் அல்லவா? அந்த ஈயம் வேறு. அது வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டுக்கு ஆகிற ஈயம் காரீயம். கறுத்து, கனத்து, நகத்தால் கீறினால் கோடு விழுகிற அளவுக்கு மெதுவாக இருக்கும். வயிற்றுக்குள் போனால் விஷம். ரசத்துக்கும் ரணகளத்துக்கும் தமிழில் ஒரே பெயராக அமைந்து போனது. காரீயத்தின் பெரிய குணம் அது எளிதில் உருகுவது. 327 டிகிரி சூடு போதும். சோறு வடிக்கிற விறகு அடுப்பின் தணலே அதற்குத் தாராளம். இன்றைக்கும் வீச்சு வலை போடுகிறவர்களுக்கு இந்த உலோகம் பழக்கமானது. வலையின் விளிம்பு நீரில் அமிழ வேண்டுமென்றால் அதில் ஈயம் கட்ட வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சிப்பாயின் குண்டும் அடுப்படி வேலைதான். இரும்புக் கரண்டியில் காரீயத்தை உருக்குவார்கள். மேலே படிகிற கசட்டை வழித்தெறிந்து விடுவார்கள். பாக்குவெட்டி மாதிரி இரண்டு பிடிகள் உள்ள அச்சு ஒன்று இருக்கும். மூடினால் அதன் வாயில் உருண்டையான குழி. மேலே உள்ள சிறு துவாரம் வழியாக உருகிய ஈயத்தை ஊற்றி, சில விநாடி பொறுத்து அச்சைத் திறந்தால் பளபளவென்று ஓர் உருண்டை விழும். அதில் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டிவிட வேண்டும். வெட்டிய வாலும் வீணாவதில்லை, மறுபடி கரண்டிக்குள் போய்விடும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். ஈரமாக இருந்தாலோ ஈயம் முகத்தில் தெறிக்கும். ஈயம் உருக்குகிற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

பிறகு தோட்டா சுற்றுகிற வேலை. காகிதத்தை ஒரு மரக்குச்சியில் சுற்றிக் குழாயாக்கி, அடியில் குண்டை வைத்துக் கட்டி, மேலே அளந்த மருந்தைக் கொட்டி மடித்துவிடுவார்கள். சிப்பாய் சுடும்போது தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் காதில் வைத்து, மிச்சத்தைக் குழல் வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் மேலே போட்டுச் சலாகையால் கெட்டிக்க வேண்டும். நன்றாகப் பழகியவன் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடலாம். இந்தக் கடிக்கிற வேலைதான் நூறு வருஷம் கழித்து, 1857-ல், கொழுப்புத் தடவிய தோட்டா என்ற பேச்சு எழுந்தபோது வட இந்தியாவையே பற்றி எரிய வைத்தது.

குண்டின் அளவிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதே அந்தக் காலத்துக் கணக்கு. இன்றும் பன்னிரண்டு போர் துப்பாக்கி என்கிறார்களே, ஒரு ராத்தலுக்குப் பன்னிரண்டு குண்டு கொள்ளும் குழல் என்றுதான் அதற்கு அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ராத்தலுக்குச் சுமார் 18 குண்டு வார்த்தார்கள். ஆங்கிலேயர் தங்கள் ராத்தலுக்குப் பதினாலு, பதினைந்து. ஆகவே பிரெஞ்சுக் குண்டு சிறியது, ஆங்கிலக் குண்டு பெரியது. ஆங்கிலேயன் கையில் பிரெஞ்சுக் குண்டு அகப்பட்டால் தன் துப்பாக்கியில் போட்டுச் சுட்டுவிடலாம். கொஞ்சம் தளர்வாகப் போகும், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் கையில் ஆங்கிலக் குண்டு அகப்பட்டால் அது குழலுக்குள் இறங்காது. அடுப்பு மூட்டி, உருக்கி, தன் அச்சில் மறுபடி வார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படித் தன் குண்டைத் தானே வார்த்துக்கொள்வது மற்ற தேசங்களிலும் நெடுங்காலம் நடந்த காரியம். 1776-ல் நியூயார்க் நகரத்து ஜனங்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கயிறு கட்டிக் கீழே தள்ளினார்கள். அந்த ஈயம் லிட்ச்ஃபீல்டு என்ற ஊருக்குப் போயிற்று. அங்கே பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து அதை 42,088 குண்டுகளாக வார்த்தார்கள் என்று கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னருடைய சிலை மன்னருடைய சிப்பாய்கள் மேலேயே போய் விழுந்தது. இன்னும் நூறு வருஷம் கழித்து, 1873-ல் வின்செஸ்டர் கம்பெனியார் லீவரை இழுத்துச் சுடுகிற ரைபிளைக் கொண்டுவந்தார்கள். சில வருஷங்களில் அதே தோட்டாவைப் போட்டுச் சுடுகிற கைத்துப்பாக்கியைக் கோல்ட் கம்பெனியார் செய்து விட்டார்கள். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று; இரண்டுக்கும் ஒரே தோட்டா. காட்டில் திரிகிறவனுக்கு இதைவிடச் சௌகரியம் ஏது? வின்செஸ்டர் கம்பெனியே குண்டு வார்க்கும் அச்சும் தோட்டா நிரப்பும் இடுக்கியும் விற்றது. சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, இரவு நெருப்பில் ஈயம் உருக்கி, மறுநாள் வேட்டைக்கு அவனவனே தோட்டா செய்துகொள்வான். காரீயம் மட்டும் போட்டால் மிகவும் மெதுவாக இருந்து குழலில் அப்பிக்கொள்ளும் என்று அதில் வெள்ளீயம் கொஞ்சம் சேர்ப்பார்கள். ரசச் சொம்பும் குண்டும் அங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன!

நல்லது, அமெரிக்கா போதும். காரைக்காலுக்கு வருவோம்.

அரசலாறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிற அந்த ஊரைத் தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் பெற்றார்கள். புதுச்சேரியில் துய்மா கவர்னராக இருந்த காலம். வடக்கே சில மைலில் தரங்கம்பாடி. அங்கே 1620 முதல் டேனிஷ்காரர்கள். தெற்கே நாகூரைத் தாண்டினால் நாகப்பட்டினம், அங்கே டச்சுக்காரர்கள். காலையில் தரங்கம்பாடியில் புறப்பட்ட மாட்டு வண்டி மறுநாளைக்குள் மூன்று ஐரோப்பிய ராஜ்யங்களின் சுங்கச் சாவடியைப் பார்த்துவிடும். இவர்கள் எல்லோரும் துணியும் அரிசியும் வாங்க வந்தவர்கள். கப்பலில் வருகிறபோது ஈயம் கொண்டுவருவார்கள். விற்கவும் ஆகும், கப்பலின் அடியில் பாரமாகவும் இருக்கும். காவேரி வண்டலைத் தோண்டினால் ஈயம் வராது. வெடிமருந்துக்கு வேண்டிய மூன்று சரக்கில் கரி மட்டும்தான் டெல்டாவில் கிடைக்கும். கந்தகமும் வெடியுப்பும் வெளியிலிருந்து வர வேண்டும். மருந்தின் எடையில் முக்கால் பங்கு வெடியுப்பு. நெல்லும் வாழையும் கொழிக்கிற பூமியில் யுத்தத்துக்கு வேண்டியது எதுவுமே விளைவதில்லை என்பதை ஒரு குறையாக நான் சொல்லமாட்டேன்.

1758 ஏப்ரல் கடைசியில் லாலி என்ற சேனாதிபதி பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். ஐரிஷ் வம்சம், பிரெஞ்சு சேவகம், கோபம் மூக்கின் மேல். ஜூன் 2-ம் தேதி கடலூருக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்துவிட்டார். அடுத்தது சென்னைப்பட்டணம் என்பது அவர் எண்ணம். ஆனால் கஜானாவில் பணம் இல்லை. அப்போது பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு பழைய பத்திரம் ஞாபகம் வந்தது. சந்தா சாகிபு காலத்தில் தஞ்சாவூர் ராஜா எழுதிக்கொடுத்த பத்திரம். பாக்கி 56 லட்சம் ரூபாய். அதை வசூல் செய்யச் சேனையுடன் கிளம்பினார் லாலி. கடன் வசூலுக்குப் பீரங்கியுடன் போன முதல் மனிதர் அவரல்ல. கடைசி மனிதரும் அல்ல.

வண்டி மாடு சேர்க்காமல், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யாமல், அவசர அவசரமாகப் புறப்பட்டது அந்தச் சேனை. கொள்ளிடத்துக்கு அருகில் தேவிக்கோட்டைக்கு வந்தபோது சிப்பாய்களுக்கு அகப்பட்டது நெல் மட்டும்தான். உலக்கையும் இல்லை, குத்துகிறவர்களும் இல்லை. கைநிறைய நெல்லை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். காரைக்காலுக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அங்கேயும் வெடிமருந்து போதவில்லை. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடமும் நாகப்பட்டினம் டச்சுக்காரர்களிடமும் ஆள் அனுப்பி மருந்தும் உணவும் கேட்டார். யுத்தத்துக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குகிற கதைதான்.

நாகூரைச் சூறையாடினார்கள். மேற்கே திரும்பிக் கீவளூருக்கு வந்தார்கள். கோயிலில் புதையல் இருக்கிறது என்று யாரோ சொல்ல, தோண்டிப் பார்த்தார்கள். விக்கிரகங்களைப் பெயர்த்துப் பார்த்தார்கள். தங்கம் இல்லை. பித்தளையும் செம்புமாக இருந்தன. கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்த ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று பிடித்தார் லாலி. தங்கள் சுவாமிக்கு என்ன கதி ஆயிற்றோ என்று பார்க்க வந்தவர்களாக இருக்கலாம். அந்த ஆறு பேரையும் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டேனிஷ்காரரிடமும் டச்சுக்காரரிடமும் இரந்து சேர்த்த மருந்து நிராயுதபாணிகளான ஆறு பேர் மேல் செலவாயிற்று. அந்தச் சேனைக்கு அப்போது மருந்துப் பஞ்சம் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் லாலியின் குரூரத்தோடு மூடத்தனமும் சேர்ந்து தெரிகிறது. அந்தச் செய்தி பரவியபின் வழியிலுள்ள கிராமங்களில் அவருக்கு ஒரு மாடு கூடக் கிடைக்கவில்லை.

ஜூலை மத்தியில் தஞ்சாவூருக்கு முன்னால் போய் நின்றார்கள். ராஜா பிரதாபசிங் அவசரப்படவில்லை. தூதர் மேல் தூதர் அனுப்பினார். நாள் கடந்தது. நாள் கடந்தால் யாருக்கு லாபம் என்பது மராட்டியருக்குத் தெரியாததா? 56 லட்சம் கேட்டவர் பத்து லட்சத்துக்கு இறங்கினார். அத்துடன் 600 மாடுகளும், கொஞ்சம் வெடிமருந்தும் வேண்டுமாம்! யாரை முற்றுகை போடுகிறாரோ அவரிடமே முற்றுகைக்கு மருந்து கேட்கிறார். நல்லவேளையாக அவருடைய தூதர்களுக்கு அவரைவிடப் புத்தி இருந்தது. பணத்தையும் மாட்டையும் கேட்டார்கள்; மருந்து என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார்கள். நம் பை காலி என்று எதிரியிடம் நாமே சொல்லலாமா? மாடுகள் விஷயத்தில் ராஜா மத ஆசாரத்தைச் சொல்லி மறுத்துவிட்டார். பேச்சு முறிந்தது.

ஆகஸ்டு 2-ம் தேதி பீரங்கிகள் முழங்க ஆரம்பித்தன. இங்கேதான் நான் சொன்ன எடைக் கணக்கு வருகிறது. துப்பாக்கிக் குண்டு ஒன்று 27 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இருபது என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் சிப்பாய்களுக்கும் சேர்த்து 540 கிலோ. ஒரு மாட்டு வண்டி இழுத்துவிடும். அதுவும் ஈயம் அழிவதில்லை. மண்ணிலும் மரத்திலும் பதிந்ததைத் தோண்டி எடுத்து உருக்கினால் மறுபடி குண்டு. பீரங்கி அப்படிப்பட்டதல்ல. கோட்டைச் சுவரை இடிக்கிற பீரங்கிக்குக் குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்காவது மருந்து வேண்டும். இருபத்துநாலு ராத்தல் குண்டு என்றால் எட்டு ராத்தல் மருந்து, ஒரே ஒரு முழக்கத்துக்கு! போன மருந்து புகை, திரும்பாது. பீரங்கிக் குண்டோ இரும்பு. வார்ப்பிரும்பை உருக்க 1,100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். முகாமில் யாரால் முடியும்? ஆகவே கோட்டைக்குள்ளிருந்து மராட்டியர் சுட்ட குண்டுகள் விழுந்த இடத்தைத் தேடி ஓடிப் பொறுக்கி வந்து, அவற்றையே திருப்பிச் சுட்டார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் சுடாமல் சும்மா இருந்திருந்தால் முற்றுகை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் போலிருக்கிறது.

ஐந்து நாள் இடித்தும் மதிலில் ஆறடி அகலத்துக்குத்தான் வழி விழுந்தது. அதற்குள் கடலில் வேறு காரியம் நடந்துவிட்டது. ஆகஸ்டு 3-ம் தேதி நாகப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலத் தளபதி போகாக்கின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி தாஷேயின் கப்பல்களும் மோதின. அடிபட்ட தாஷே புதுச்சேரிக்குப் போய்விட்டார். தஞ்சாவூர் முகாமுக்கு இந்தச் செய்தி 8-ம் தேதி வந்தது. ஆங்கிலேயர் காரைக்காலில் இறங்கப் போகிறார்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது. காரைக்கால் போனால் சேனைக்குத் திரும்ப வழியில்லை. மருந்து வருகிற வாசலும் அதுதான்.

லாலி கணக்கு எடுக்கச் சொன்னார். பீரங்கிக்கு மிஞ்சியிருந்தது சுமார் 150 முழக்கத்துக்கான மருந்து. நாலைந்து பீரங்கிகளுக்கு ஒரு பகல் பொழுதுக்குக் காணாது. சிப்பாய்க்கு ஆளுக்கு இருபது தோட்டா.

இருபது தோட்டா என்றால் என்ன? நிமிஷத்துக்கு மூன்று வீதம் சுட்டால் ஏழு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கையில் இருப்பது துப்பாக்கி அல்ல. முனையில் கத்தி செருகிய ஒரு தடி. காரைக்காலோ அறுபது மைல் தூரத்தில் இருக்கிறது. நடுவில் ஆறுகள், வாய்க்கால்கள், தஞ்சாவூர்க் குதிரைப்படை, சினம் கொண்ட கிராமங்கள். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆங்கிலேயர் அனுப்பிய சிப்பாய்களும் கோட்டைக்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். யோசனை கேட்டபோது, இப்போதே மதிலில் பாய்ந்து பார்த்துவிடலாம் என்றார் தெஸ்தேங் என்ற அதிகாரி. (இருபது வருஷம் கழித்து அமெரிக்கர்களுக்கு உதவியாகப் பிரெஞ்சுக் கப்பற்படையை நடத்திக்கொண்டு போனவர் இவர்தான்.) பெரும்பாலோர் திரும்பிவிடுவோம் என்றார்கள். மதிலில் ஏறி உள்ளே போனாலும், உள்ளே போய் எதைக் கொண்டு சண்டை போடுவது? தெஸ்தேங்கின் வீரத்தை மெச்சலாம். ஆனால் நான் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் திரும்புவோம் என்பவர்கள் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன்.

10-ம் தேதி விடியற்காலையில் ஐம்பது குதிரை வீரர்கள் சேவகம் கேட்டு வருகிறவர்கள் போல முகாமுக்கு வந்தார்கள். அவர்களின் தலைவன் லாலியை நெருங்கி வந்து கத்தியை ஓங்கினான். லாலி கையிலிருந்த தடியால் தடுத்துத் தப்பினார். அதே சமயத்தில் மனோஜியின் படை கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை விரட்டிவிட்டார்கள். ஆனால் விரட்டுவதற்கும் தோட்டா செலவுதானே? இருபது எத்தனையாகக் குறைந்ததோ! அன்று இரவே பெரிய பீரங்கிகளில் ஆணி அடித்துப் பாழாக்கிவிட்டுக் கிளம்பினார்கள். வழி நெடுகத் தஞ்சாவூர்க் குதிரைகள் பின்னாலேயே வந்தன. பசியும் தாகமுமாகத் திருவாரூர் வழியாகக் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தபோது, அரசலாற்று முகத்துக்கு வெளியே ஆங்கிலக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன.

வந்த காரியத்தில் பலித்தது மிகச் சொற்பம். 56 லட்சத்துக்கான பத்திரம் பத்திரமாகவே இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் லாலி சென்னையை முற்றுகை போட்டுப் பார்த்தார். பணம் இல்லாமல், சாமான் இல்லாமல், அதுவும் 1759 பிப்ரவரியில் முடிந்தது. 1760 ஏப்ரலில் காரைக்காலையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். மறு வருஷம் புதுச்சேரியும் விழுந்தது. 1766 மே மாதம் பாரிஸ் நகரில் லாலியின் தலையை வெட்டினார்கள். ராஜத் துரோகம் என்று குற்றம். வால்டேர் அவருக்காக வாதாடி எழுதினார். 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. தலைதான் திரும்பவில்லை.

காரைக்கால் அதற்குப் பிறகும் பல தடவை கை மாறியது. கடைசியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்ட 1814-ம் வருஷத்து உடன்படிக்கையில் ஒரு ஷரத்து சேர்த்தார்கள். இந்தியாவில் திருப்பிக் கொடுக்கும் ஊர்களில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டக்கூடாது. போலீஸ் காவலுக்கு எவ்வளவு பேர் வேண்டுமோ அதற்கு மேல் சிப்பாய் வைத்துக்கொள்ளவும் கூடாது. 1817-ல் ஊர் அவர்கள் கைக்கு வந்தபோது, 1954 வரை அங்கே பறக்கப்போகிற கொடியைக் காக்க மிஞ்சியது அந்தப் போலீஸ் காவல்தான்.